துடைத்தும் போகாத நீலம்

எங்கள் சாயப்பட்டறை ஆட்களைத் தேடி எமன் வந்தால் ஆள் அடையாளம் தெரியாமல் குழம்பிப்போவான் என்பான் என் தம்பி. முழங்கைவரை நீலம், நகக்கண்ணில் நீலம், உதட்டோரத்தில் நீலம். "ஏற்கெனவே செத்தவன் மாதிரி இருக்கானே, இவனை எதுக்கு மறுபடியும் இழுத்துட்டுப் போகணும்னு திரும்பிப் போயிடுவான்க்கா" என்று சொல்லிவிட்டு அவனே முதலில் சிரிப்பான். அவன் ஜோக்குக்கு அவன்தான் முதல் ரசிகன். நானும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான்.

பட்டறை மூன்று அடுக்குக் கட்டடம். கீழே நீலத் தொட்டிகள். தம்பிக்கு அங்கே வேலை. நடுவில் மடிப்புக் கூடம். காய்ந்த துணியை மடித்துக் கட்டுவது என் பாடு. மொட்டை மாடியில் ஈரத் துணியைக் கழிகளில் விரித்து உலர்த்துகிற கூட்டத்தில் என் மகன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கும் நாளைவிட வழியில் இருக்கும் நாள்தான் அதிகம். எங்கள் அம்மா போனபோது தம்பி சின்னப் பையன், என் மகன் கைக்குழந்தை. இரண்டையும் சேர்த்துத்தான் வளர்த்தேன். ஒருத்தன் "மாமா" என்பான், இன்னொருத்தன் "மாப்ளே" என்பான். இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்தால் வீட்டில் என் பேச்சு செல்லாக் காசு.

நீலத் தொட்டி ஒரு விநோதமான சங்கதி. முக்கி எடுக்கும்போது துணி பச்சையும் மஞ்சளுமாகத்தான் வரும். காற்றுப் பட்டதும் கண்முன்னாலேயே நீலமாக மாறும். துணி மூச்சு விடுகிறது என்பார்கள். திரும்ப முக்கி, திரும்ப மூச்சு விட வைத்து, இப்படிப் பலமுறை செய்தால்தான் நிறம் ஆழமாக ஏறும். அவசர ஆர்டர் வந்தால் தொட்டி மேஸ்திரி சாயத்தைக் கெட்டியாகக் கரைத்து, பாதி முக்கிலேயே வேலையை முடித்துவிடுவார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அப்படி அவசரத்தில் எடுத்த துணியை மடித்தால் என் கையெல்லாம் நீலமாகும், முதல் சலவையிலேயே சாயம் விடும். அதற்குள் துணி எங்கள் வாசலைத் தாண்டியிருக்கும், பிறகு அது வாங்கினவன் தலையெழுத்து.

மேஸ்திரியைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆட்களுக்குக் காய்ச்சல் என்றால் வீடுதேடி வந்து பார்ப்பார். என்ன, எதையும் சீக்கிரம் முடிக்க வேண்டும் அவருக்கு. காத்திருப்பது என்றால் முள்மேல் நிற்கிற மாதிரி நிற்பார்.

மழை ஓய்ந்ததும் அலசுகிற தொட்டிகளில் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகியது. தொட்டி ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகக் குளிர்காய்ச்சலில் விழுந்தார்கள். தம்பியும் போர்வைக்குள் கட்டில் ஆட ஆட நடுங்கினான். ரத்தம் எடுத்துப் பார்த்து மலேரியா என்றார்கள். முதலில் கொடுத்த மாத்திரையில் காய்ச்சல் இறங்கி எழுந்து உட்கார்ந்துவிட்டான். சனியன் ஒழிந்தது என்று நான் நிம்மதியானேன்.

அப்போதுதான் சுகாதார நிலையத்து நர்ஸ் பட்டறைக்கு வந்து, தொட்டிக் கூடத்தில் எல்லாரையும் நிற்கவைத்துப் பேசினாள். துணிக்கட்டு எடுக்க நானும் கீழே இறங்கியிருந்தேன்.

"காய்ச்சல் போயிடுச்சுன்னு விட்டுடாதீங்க. கல்லீரல்ல கிருமி ஒளிஞ்சிருக்கும். அதுக்கு இன்னொரு மாத்திரை இருக்கு" என்று ஒரு பட்டையைத் தூக்கிக் காட்டினாள். "ஆனா இது எல்லாருக்கும் ஒத்துக்காது. ஒவ்வொருத்தரும் நிலையத்துக்கு வந்து ரத்தத்துல இன்னொரு டெஸ்ட் எடுத்துக்கணும். சரின்னு நாங்க சொன்னப்புறம்தான் ஆரம்பிக்கணும். ரெண்டு வாரம், தினம் ஒரு வேளை. நடுவுல ஒண்ணுக்கு கருப்பாப் போச்சுன்னா உடனே நிறுத்திட்டு ஓடி வந்துடணும்."

கூடமே கொல்லென்று சிரித்தது. "நீலத் தொட்டி ஆளுங்ககிட்ட வந்து கலரைப் பத்திப் பேசுறீங்களேம்மா" என்றான் ஒருவன். நர்ஸுக்குப் புரியவில்லை. பட்டறைக்குப் பின்னால் ஒரு மறைப்பு, அதன் அடியில் அலசின தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். ஆண்கள் ஒதுங்குகிற இடம் அதுதான். எந்த நிறத்தில் போனாலும் வாய்க்காலில் விழும்போது நீலம்தான். புதிதாக வேலைக்குச் சேர்கிறவனை அங்கே கூட்டிப்போய், "பாத்தியா, உள்ளயும் சாயம் ஏறிடுச்சு, இனிமே நீ நம்ம கலர்" என்று பயமுறுத்துவது இவர்களுக்குப் பரம்பரை விளையாட்டு. நர்ஸ் உதட்டைச் சுழித்துக்கொண்டு போய்விட்டாள். சொன்னதைத் திரும்ப ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் போனாள், அது யார் காதிலும் ஏறவில்லை.

சுகாதார நிலையம் ஊரின் அந்தக் கோடியில். போனால் ஒரு நாள் வேலை போகும். அவசர ஆர்டர் வேறு தலைக்குமேல் நின்றது. மேஸ்திரி, நர்ஸ் காட்டிய பட்டையில் பார்த்த பேரை மனதில் வைத்துக்கொண்டு மருந்துக் கடையில் சொல்லி மொத்தமாக வாங்கி வந்துவிட்டார். மறுநாள் தொட்டிப் பக்கம் தண்ணீர்க் குடத்தை வைத்து எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்.

"தினம் ஒண்ணுன்னா ரெண்டு வாரம் ஆகும். ரெண்டு ரெண்டா முழுங்கினா ஒரே வாரம். சாயத்தைக் கெட்டியாப் போட்டா பாதி முக்குல எடுக்கறோமா இல்லையா? இதுவும் அதே கணக்குதான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "அண்ணே, அப்படி எடுத்த துணி சாயம் விடுமே" என்றேன்.

"தங்கச்சி, இது துணி இல்ல, மனுஷன். நீ போய் மடிக்கற வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாகத் தானே இரண்டு மாத்திரையை வாயில் போட்டு, நாக்கைத் தூக்கிக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் வினையாகப் போயிற்று. மற்றவர்களுக்கும் லேசான குமட்டல், வயிற்றுவலி, அவ்வளவுதான்.

தம்பிக்கு மட்டும் முகம் வாடியது. படி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இடுப்பு வலிக்கிறது என்றான். கண் லேசாக மஞ்சள் தட்டியிருந்தது. காய்ச்சலில் கிடந்த உடம்பு, தேற நாளாகும் என்றார்கள். மேஸ்திரி அவன் தோளில் தட்டி, "நீலத்துல மஞ்சள் சேர்ந்தா பச்சைடா, உன்னை வெளியில காயப் போட்டா சரியாயிடும்" என்றார். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு நடுவிலேயே மூச்சு வாங்கி நின்றதை நான் பார்த்தேன். கேட்டால், "சும்மா இருக்கா, நீ பாக்கறதைப் பாத்தாலே எனக்கு நோய் வந்துடும்" என்றான்.

அன்று தொட்டிகளைக் காலி செய்து ஊறப்போடுகிற நாள். கீழ்த்தளத்துக்கு விடுமுறை, மேல் மாடிகளுக்கு வேலை உண்டு. மகன் விடிந்ததும் கிளம்பிப் போய்விட்டான். தம்பி முந்தின நாளும் தொட்டிப் பக்கம் போகவில்லை, வீட்டோடு கிடந்தான். சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்திருந்தான். இப்படி ஒரு நாள் விட்டால் எங்களுக்கு முகமும் உதடும் வெளுத்துவிடும், நகம் மட்டும்தான் நிற்கும்.

காப்பி கொடுக்கப் போனபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். திருப்பினேன். உதடு நீலமாக இருந்தது.

"ஏன்டா, நேத்துத் தேய்ச்சுக் குளிச்சியா, இல்ல தண்ணியைக் காட்டிட்டு வந்துட்டியா?" என்று அதட்டிக்கொண்டே ஈரத் துணியால் துடைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. இன்னும் அழுத்தித் துடைத்தேன். "விடுக்கா" என்றான் ஈனக்குரலில். கீழுதட்டை இழுத்துப் பார்த்தேன். உள்பக்கமும் நீலம். ஈறு நீலம். நாக்கை நீட்டச் சொன்னேன், அதுவும் நீலம் கலந்த சாம்பல்.

அது தொட்டித் தண்ணீர் போகிற இடமே இல்லை.

"ஒண்ணுக்கு எப்படிடா போகுது?" என்றேன். அக்கா தம்பியிடம் கேட்கிற கேள்வியா அது? கூச்சப்பட நேரமில்லை.

"நம்ம கலர்தான்" என்று சிரிக்கப் பார்த்தான். "கருப்பாத்தான் போகுது. உள்ளயும் சாயம் ஏறிடுச்சுன்னு மாப்ளேகிட்டகூடச் சொன்னேன். ரெண்டு நாளா."

"வீட்டுக் கழிப்பறையில ஏதுடா வாய்க்கால்!" என்று கத்தினேன். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவனுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவசரப் பிரிவில் ஒரு டாக்டரம்மா. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் மாட்டுகிற கவ்வியை எடுத்து மாட்டினாள். எண் வரவில்லை. வேறு விரலில் மாட்டினாள், அதிலும் வரவில்லை. அவன் கையைத் திருப்பி நகங்களைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"சாயம்மா. பட்டறை வேலை."

கவ்வியைக் கழற்றிக் காது மடலில் மாட்டினாள். எண் வந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் அவள் குரல் மாறிவிட்டது. இரண்டு பேரைக் கூப்பிட்டாள், ஆக்சிஜன் என்றாள். ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். குழாயில் ஏறிய ரத்தம் சிவப்பாக இல்லை. காய்ந்த புண்ணின் பொருக்கு மாதிரிப் பழுப்பாக இருந்தது. சிறுநீர் பிடித்த பாட்டிலில் கடுங்காப்பி. டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்ன மாத்திரை சாப்பிட்டார்?"

சொன்னேன். நர்ஸ் சொன்னது, மேஸ்திரி வாங்கினது, இரண்டு இரண்டாக விழுங்கினது, எல்லாம். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"சில பேருக்குப் பிறவியிலேயே ரத்தத்துல ஒரு பொருள் குறைவா இருக்கும். சாதாரணமா ஒண்ணும் தெரியாது, நல்லா நடமாடுவாங்க. இந்த மாத்திரை உள்ள போனா மட்டும் ரத்த அணு உடைய ஆரம்பிச்சிடும். அதுக்குத்தான் அந்த டெஸ்ட். உடைஞ்ச ரத்தம்தான் ஒண்ணுக்குல கருப்பாப் போகுது. மிச்சம் இருக்கிற ரத்தமும் காத்தைப் பிடிக்க மாட்டேங்குது. அதான் இந்த நீலம்."

"மருந்து இருக்கில்லம்மா?"

"இந்த நீலத்துக்கு மருந்து இருக்கு. அதுவும் ஒரு நீலச் சாயம்தான், உங்க பட்டறைக்கே பொருத்தமா." அவள் சிரிக்கவில்லை. "ஆனா இந்தக் குறைபாடு இருந்தா அதைப் போடக்கூடாது. போட்டா அதுவும் ரத்தத்தை உடைக்கும். வேற ரத்தம் ஏத்தறோம். கிட்னி தாங்குதான்னு பாக்கணும். இப்பவே ஒண்ணுக்கு வர்றது குறைஞ்சிருக்கு. நான் வாக்குக் குடுக்க முடியாது."

காய்ச்சலுக்குப் பிழைத்தவனை மருந்துக்குப் பறிகொடுப்பதா என்று மனசு அடித்துக்கொண்டது. மேஸ்திரியின் தொண்டையைப் பிடித்து நெரிக்க வேண்டும்போல இருந்தது. சரின்னு சொன்னப்புறம்தான் என்று பட்டறைக்கு வந்த நர்ஸ் இரண்டு தடவை சொன்னாளே, ஒரே ஒரு நாள் வேலை போனால் எந்தக் குடி முழுகியிருக்கும்?

"உங்க அம்மா கூடப் பிறந்த ஆம்பிளைங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"ஒரு தாய்மாமா இருந்தார். சின்ன வயசுலயே மலேரியாக் காய்ச்சல்ல போயிட்டாராம். அம்மா சொல்லுவாங்க."

"காய்ச்சல்லயா, மருந்துலயா?"

அம்மா அதைச் சொல்லும்போதெல்லாம் காய்ச்சல் விட்டுடுச்சு, நல்லா உட்கார்ந்து சாப்பிட்டான், அப்புறம்தான் போனான் என்றுதான் சொல்வாள். அந்த அப்புறம்தான் என்பதை நான் அதுவரை காதில் வாங்கியதே இல்லை.

"இது அம்மா வழியா வர்றது. பொம்பளைங்ககிட்ட இருந்தாலும் பெரும்பாலும் வெளியில தெரியாது, ஆம்பிளைப் பிள்ளைங்களைத்தான் முழுசாப் பிடிக்கும். உங்ககிட்டயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உங்களுக்குப் பசங்க?"

"ஒரே பையன். ஆனா அவனுக்குக் காய்ச்சலே வரலம்மா. அவன் மொட்டை மாடி. மாத்திரை தொட்டி ஆளுங்களுக்குத்தான்."

கட்டிலில் இருந்து சத்தம் வந்தது. தம்பி ஆக்சிஜன் முகமூடியைக் கையால் விலக்கப் பார்த்தான். ஆஸ்பத்திரி நர்ஸ் தடுத்தும் விடவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"அக்கா, மாடிக்கும் குடுக்கறாங்க" என்றான். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சைத் தேடினான். "மிச்சம் இருந்துச்சு. முன்னெச்சரிக்கையா எல்லாரும் போடுங்கன்னார் மேஸ்திரி. மாப்ளே மாட்டேன்னான். நான்தான்... பயந்தாங்கொள்ளின்னு கேலி பண்ணி வரிசையில நிறுத்தினேன்."

"எப்போடா?"

"முந்தாநாள்லேருந்து. போக்கா. ஓடு."

அவன் கையை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. அவன்தான் என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். டாக்டரம்மா, "பையனை இங்க கூட்டிட்டு வாங்க, ஒரு மாத்திரைகூட இனிமே உள்ள போகக்கூடாது" என்று பின்னாலிருந்து சொன்னது நடைகூடம் முழுக்க என்னுடன் ஓடி வந்தது.

வண்டியில் போன் போட்டேன். மாடி ஆட்கள் போனை ஆபீஸ் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். மகனின் போன் அடித்து அடித்து நின்றது. மேஸ்திரியும் எடுக்கவில்லை. பட்டறை வாசலில் இறங்கியபோது என் செருப்பு ஒன்று வண்டியிலேயே போய்விட்டது.

முதல் மாடித் திருப்பத்தில் தண்ணீர்க் குடம். பக்கத்தில் மேஸ்திரி, கையில் மாத்திரைப் பட்டைகள். மாடி ஆட்கள் வரிசையாகப் படியில் நின்றார்கள். ஒருவன் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான்.

அவர் கையிலிருந்த பட்டைகளைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினேன்.

"என்ன தங்கச்சி, பேய் பிடிச்சிருக்கா உனக்கு?"

"என் தம்பி ரத்தம் ஒண்ணுக்குல போகுது! அது சாயம் இல்லண்ணே, ரத்தம்! உதடு நீலமா இருக்கே, அதுவும் சாயம் இல்ல! துடைச்சுப் பாத்தேன், போகல. அவன் பொழைப்பானான்னு டாக்டரம்மாவுக்கே தெரியல. உங்க பாதி முக்குக் கணக்குல அவனை முடிச்சிட்டீங்களே, பாவி!"

மேஸ்திரி வாயைத் திறந்தார். நானும் போட்டேனே என்று ஏதோ ஆரம்பித்தார், முடிக்கவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் தன் உதட்டைக் கட்டைவிரலால் தேய்த்து விரலைப் பார்த்தான். அவனைப் பார்த்து அடுத்தவனும் தேய்த்தான். அந்தப் படிக்கட்டில் யார் விரல் நீலமாக இல்லை? தேய்த்துப் பார்த்து யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

வரிசையில் என் மகன் இல்லை.

"எங்க என் பையன்?"

"அவன் காலையிலேயே முழுங்கிட்டான்க்கா, முதல் ஆள்" என்றான் ஒருவன். "மேல இருக்கான்."

மொட்டை மாடியில் அவசர ஆர்டர் துணி வரிசை வரிசையாகத் தொங்கியது. ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு, அவன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு போனேன். ஈரத் துணி முகத்தில் அறைந்தது. கடைசிக் கழிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வேலை நேரத்தில் உட்காருகிற பிள்ளை இல்லை அவன்.

"என்னம்மா, மாமாவுக்கு எப்படி இருக்கு? நீ ஏன் ஒத்தைச் செருப்போட வந்திருக்கே?"

அவன் முன்னால் மண்டியிட்டுக் கீழுதட்டைப் பிடித்து இழுத்தேன். என் கையே நீலம், துணிகளின் நிழலும் நீலம், எதுவும் எனக்கு விளங்கவில்லை. பின்னாலேயே ஓடிவந்த மாடி ஆட்கள் சுற்றி நின்றார்கள். இனி எதைப் பார்ப்பது, யாரைக் கேட்பது? அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன்.

"இன்னைக்கு ஒண்ணுக்குப் போனியாடா? என்ன நிறத்துல போச்சு?"

அவன் வெட்கப்பட்டுச் சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தான். பிறகு மாமா மாதிரியே, யாரும் சிரிப்பதற்கு முன்னால் தானே முதலில் சிரித்தான். மூச்சு நடுவில் வாங்கியது.

"நம்ம கலர்தாம்மா."